பலகையில் அடங்காத பார்வை

கண் மருத்துவமனைச் சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையை அறியாதவர் இருக்க மாட்டார்கள். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்துக்கொண்டே வரும் வரிசைகள். 1862இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற மருத்துவர் வகுத்துத் தந்த அந்த ஏற்பாடுதான் இன்றுவரை உலகெங்கும் பார்வையின் அளவுகோல். சாதாரணக் கண் 18 மீட்டர் தள்ளி நின்று படிக்கும் எழுத்தை ஒருவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார் என்றால் அவருடைய பார்வை 6/18. கண்ணாடிக்கு எண் குறிக்கவும், கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கவும் இதைவிட எளிய கருவி இல்லை. ஆனால் இந்தப் பலகை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: நல்ல வெளிச்சத்தில், வெள்ளைப் பரப்பில், அடர்கறுப்பாக அச்சிட்ட எழுத்து நேர் எதிரே அசையாமல் இருந்தால் எந்த அளவுவரை தெரிகிறது? வீட்டிலும் தெருவிலும் எந்தப் பொருளும் அவ்வளவு வசதியாக நம்முன் வந்து நிற்பதில்லை. கண்ணாடியாலும் மருந்தாலும் அறுவையாலும் சரிசெய்ய முடியாத குறைபார்வையோடு வாழ்கிறவர்களின் அன்றாடத் தொல்லைகளைத் தொகுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி இந்தப் பலகை கேட்காத கேள்விகளில்தான் இருக்கிறது. அவர்களுக்குச் சான்றிதழ் தரும் அரசும், அவர்கள் புழங்கும் பொருள்களை வடிவமைப்பவர்களும், அவர்களைத் தெருவில் எதிர்கொள்ளும் நாமும் பலகையின் கணக்கை மட்டும் நம்பியிருப்பதால்தான் தீரக்கூடிய தொல்லைகள்கூடத் தீராமல் கிடக்கின்றன.

குறைபார்வை என்றால் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாகத் தெரியும் என்று பலரும் நினைக்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவரை எடுத்துக்கொள்வோம். முதுமையில் வரும் மேக்குலா சிதைவும், இளம் வயதிலேயே தாக்கும் ஸ்டார்கார்ட் நோயும் இப்படிச் செய்யும். அவர் எதையும் இடிக்காமல் தெருவில் நடந்து போவார்; ஆனால் எதிரே வருபவரின் முகம் தெரியாது, செய்தித்தாள் படிக்க முடியாது. இன்னொருவருக்கு விழித்திரையின் ஓரங்கள் அழிந்திருக்கும். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற மரபுவழி நோயில் அப்படித்தான். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் இந்நோய்க்கு இடம் அதிகம். முற்றிய குளுக்கோமாவிலும் இதே கதைதான். இவர் நடுப்பகலில் பொடி எழுத்தைப் படித்துவிடுவார். எழுத்துப் பலகையில் கடைசி வரிவரைகூட வந்துவிடலாம். ஆனால் காலடியில் படுத்திருக்கும் நாயும், பாதையின் ஓரத்தில் நிறுத்திய இருசக்கர வண்டியும் இவருடைய பார்வை வட்டத்துக்குள் வருவதே இல்லை. பொழுது சாய்ந்தால் வீட்டு வாசலைக்கூடக் கையால் தடவித்தான் தேட வேண்டும். வெண்தோல் குறைபாடு உள்ளவருக்கோ வெயில்தான் எதிரி. மற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும் வெளிச்சத்தில் அவருக்கு எல்லாம் வெளுத்து மறைந்துபோகும். ஆக, பார்வை என்பது கூர்மை, பரப்பு, வெளிச்சத்துக்கு ஈடுகொடுத்தல், நிறங்களைப் பிரித்தறிதல் எனப் பல திறன்களின் கூட்டு. அவற்றில் ஒன்று கெட்டு மற்றவை நன்றாக இருக்கலாம்.

சட்டம் இதில் எவ்வளவைக் கண்டுகொண்டிருக்கிறது? 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறைபார்வையை ஒரு தனிப் பிரிவாகச் சேர்த்தது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதற்கு எண் வரம்பு வைத்தது: சிறந்த கண்ணில், கண்ணாடி போட்ட பிறகும், 6/18 முதல் 3/60 வரையிலான பார்வை, அல்லது 40 பாகைக்குக் கீழே 10 பாகை வரை சுருங்கிய பார்வைப் புலம். புலத்தையும் சேர்த்தது நல்ல முன்னேற்றம். ஆனால் சலுகையும் இடஒதுக்கீடும் கிடைக்க 40 சதவீதக் குறைபாடு என்ற சான்று வேண்டும். அந்தச் சதவீதத்தைக் கணக்கிட 2018இல் அறிவிக்கப்பட்ட அட்டவணையில் இரு கண்ணிலும் 6/18 உள்ளவருக்குச் சுழியம். இரு கண்ணிலும் 6/24 என்றால் 40. பலகையில் இவை அடுத்தடுத்த இரண்டு வரிகள். ஒரு வரி கூடுதலாகப் படித்துவிட்டவர் குறைபாடே இல்லாதவர் ஆகிவிடுகிறார். சாம்பல் தரையில் சாம்பல் படியைப் பிரித்தறிய முடியுமா என்ற கேள்விக்கு அட்டவணையில் இடமே இல்லை. இத்தனைக்கும் அதை அளக்கும் கருவி புதிதும் அல்ல. டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன் என்ற இருவர் 1988இலேயே ஒரு பலகை செய்தார்கள். அதில் எழுத்துகளின் அளவு மாறாது. கறுப்பில் தொடங்கி வெளிறிக்கொண்டே போய்க் கடைசியில் தாளின் நிறத்தில் கரைந்துவிடும். எந்த எழுத்தோடு ஒருவர் நிற்கிறார் என்று பார்க்கச் சில நிமிடம் போதும்.

வரையறை மாறினால் மனிதர்களே கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பேர். 2011இல் அது 50 லட்சமாகச் சுருங்கியது. அதே பத்தாண்டில் மாற்றுத்திறனாளிகளின் மொத்த எண்ணிக்கை 2.19 கோடியிலிருந்து 2.68 கோடியாக உயர்ந்திருந்தது. பாதிப் பேருக்குக் கண் திறந்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. கேள்வி கேட்ட முறை மாறியதே முக்கியக் காரணம். கண் தெரியாதவர் என்ற பிரிவின் விளிம்பு ஓரளவு தெளிவானது. குறைபார்வையின் விளிம்பு அப்படி இல்லாததால் ஒவ்வொரு முறை கோடு போடும்போதும் அடிபடுவது இவர்கள்தான்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். நிற வேறுபாடு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் சாப்பாட்டிலேயே பார்க்கலாம். வாழை இலையில் பரிமாறிய வெள்ளைச் சோறு குறைபார்வையாளருக்கும் பளிச்சென்று தெரியும். பச்சைக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரம் அது. அதே சோற்றை வெள்ளைப் பீங்கான் தட்டில் போட்டால் எங்கே முடிந்தது, எவ்வளவு மிச்சம் என்று கையால் துழாவ வேண்டும். எவர்சில்வர் தட்டோ தலைக்கு மேலுள்ள விளக்கை அப்படியே கண்ணுக்குள் திருப்பி அடிக்கும். வெள்ளைக் கோப்பையில் பாலை ஊற்றும்போது எந்த உயரத்தில் நிறுத்துவது? அடர்நிறக் கோப்பையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. படிக்கட்டும் இப்படித்தான். மெருகேற்றிய கிரானைட்டில் மேலிருந்து கீழே ஒரே நிறமாக இறங்கும் படிகள், மேலே நின்று பார்க்கும் குறைபார்வையாளருக்குச் சமதரைபோலத் தெரிகின்றன. புதிய மருத்துவமனைகளிலும் திருமண மண்டபங்களிலும் இந்தப் பளபளப்பைப் பெருமையாகக் கருதுகிறோம். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு மஞ்சள் பட்டை இழுத்துவிட்டால் ஆபத்து பெருமளவு நீங்கும். நடைபாதைகளில் பதிக்கப்படும் மேடுபள்ள ஓடுகளை 1965இல் ஜப்பானியர் செயிச்சி மியாகே வடிவமைத்தார். அவை பெரும்பாலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம், மிதித்து அறிபவர்களோடு மஞ்சளைப் பார்த்தே பாதையைப் பிடித்துக்கொள்ளும் குறைபார்வையாளர்களும் இருக்கிறார்கள் என்பது. அழகுக்காகத் தரையின் நிறத்திலேயே அந்த ஓட்டைப் பதிப்பவர்கள் கண் தெரியாதவரை நினைத்துச் செய்கிறார்கள். கொஞ்சம் தெரிகிறவர் அவர்கள் நினைப்பில் வருவதே இல்லை.

ரூபாய் நோட்டில் இந்த மறதி மில்லிமீட்டர் கணக்கில் பதிவாகியிருக்கிறது. பழைய 100 ரூபாய் 157 மில்லிமீட்டர் நீளம், 500 ரூபாய் 167. இடைவெளி 10 மில்லிமீட்டர். விரலிடுக்கில் மடித்துப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடப் பழகியிருந்தார்கள். 2016 முதல் வந்த வரிசையில் 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, நீளத்தில் நான்கு நான்கு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நிறத்தை நம்பலாம் என்றால் 200 மஞ்சள், 20 பச்சை கலந்த மஞ்சள். கடையின் மங்கிய விளக்கில் கசங்கிய நோட்டுகள் இரண்டும் ஒன்றுபோலத்தான். ரிசர்வ் வங்கி நோட்டின் ஓரங்களில் புடைத்த கோடுகளை வைத்திருக்கிறது, 2020இல் நோட்டை அடையாளம் சொல்லும் 'மணி' என்ற செயலியையும் வெளியிட்டது. கோடுகள் புழக்கத்தில் தேய்ந்துபோகும். செயலியைத் திறந்து, படம் பிடித்து, காதில் கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்கும் வரிசை முணுமுணுக்கத் தொடங்கிவிடும். இதே காலத்தில் 20 ரூபாய் நாணயத்தைப் பன்னிரண்டு பக்கங்களோடு வார்த்தார்கள். அது நல்ல வடிவமைப்பு, கையில் எடுத்ததும் தெரியும். அந்த அக்கறை நோட்டிலும் இருந்திருக்கலாம்.

மருந்தில் தவறு நேர்ந்தால் பணத்தோடு போகாது. மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி பெரும்பாலும் வெள்ளித்தாளின் ஓரத்தில் மை இல்லாமல் வெறும் அழுத்தமாகக் குத்தப்பட்டிருக்கும். விளக்கின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் நல்ல கண்ணுக்கே புலப்படும். கடையில் நான்கு மாத்திரை வெட்டி வாங்கினால் தேதி உள்ள முனை அங்கேயே தங்கிவிடும். நீரிழிவால் விழித்திரை கெட்டவர் தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் 40 அலகு இன்சுலினுக்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100 அலகுக்கு ஆரஞ்சு மூடி. எத்தனையோ நிறங்கள் இருக்க, மங்கிய கண்ணுக்கு ஒன்றோடொன்று மிக எளிதாகக் குழம்பும் இரண்டு நிறங்களில் மருந்தின் அளவு தொங்குகிறது. மாறிப்போனால் மருந்து பாதிக்கும் குறைவாகவோ இரண்டரை மடங்காகவோ உடம்புக்குள் போகும். 2023 ஆகஸ்ட் முதல் அதிகம் விற்கும் 300 மருந்துகளின் உறையில் பட்டைக்குறியோ கியூஆர் குறியோ கட்டாயமாகியிருக்கிறது. அதில் காலாவதித் தேதியும் உண்டு. போலி மருந்தைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. கைப்பேசியில் வாசித்துக் காட்ட வழி செய்தால் குறைபார்வையாளருக்கும் உதவும்.

தமிழ் அச்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எழுத்தின் அளவு குறித்த உலக ஆராய்ச்சியில் பெரும்பகுதி ரோமன் எழுத்தை வைத்தே நடந்தது. தமிழில் ஒரு புள்ளி மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கிறது. 'கி'யும் 'கீ'யும் பிரிவது உச்சியில் ஒரு சுழியில். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் இடையே ஒரு வளைவு, 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் இடையே கீழே ஒரு கீற்று. மெல்லிய எழுத்துருவில் நெருக்கி அச்சிட்ட பத்தியில் முதலில் கரைவது இந்தச் சிறு உறுப்புகள்தாம். பிறகு வாசகர் எழுத்தைப் படிப்பதில்லை, சொல்லை ஊகிக்கிறார். ஊகம் கதையில் கைகொடுக்கும். ஊர்ப்பெயரிலும் ஆள்பெயரிலும் படிவத்திலும் தேர்வுத் தாளிலும் கைவிட்டுவிடும். எழுத்தைப் பெரிதாக்குவது மட்டும் போதாது. தடிமனான கோடும், புள்ளி தெளிவாக விலகி நிற்கும் வடிவமும், வரிகளுக்கிடையே தாராளமான இடமும் தமிழுக்குத் தேவை. தேர்வுகளில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், வேண்டுமானால் எழுதித் தர ஒருவரும் உண்டு. குறைபார்வை மாணவர் பலருக்கு வேண்டியது எழுதித் தருபவர் அல்லர், நன்றாக அச்சிட்ட கேள்வித்தாள். தன் கையால் எழுத முடிகிறவரை இன்னொருவர் கைக்குத் தள்ளுவது உதவியே ஆகாது.

இத்தனையையும்விட வதைப்பது சந்தேகம். கண் தெரியாதவர் என்றால் ஊர் வழிவிடும். குறைபார்வையாளரிடம் ஊர் கணக்குக் கேட்கும். பேருந்தில் சலுகை அட்டையை நீட்டியவர் சற்று நேரத்தில் கைப்பேசியைக் கண்ணோடு ஒட்டி வைத்துப் படித்தால், 'நல்லாத்தானே தெரியுது' என்ற பேச்சு வரும். தெருவில் தெரிந்தவரைக் கடந்து போனால் 'கண்டும் காணாததுபோலப் போகிறார்' என்ற பெயர் வரும். பகலில் தனியாகப் போனவர் இரவில் துணை கேட்டால் பாசாங்கு என்பார்கள். திருமணப் பேச்சுக்குப் பயந்து குடும்பமே மறைக்கச் சொல்வதும் உண்டு, பெண்களுக்கு இது இன்னும் அதிகம். மறைத்து வாழ்பவர் உதவியும் கேட்க முடியாது, உருப்பெருக்கியைப் பிறர் முன்னால் எடுக்கவும் முடியாது. இப்படி மறைக்கப்படுவது இன்னொன்றும் உண்டு. பார்வை இழந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: பூக்கள், வடிவக் கோலங்கள், சின்னஞ்சிறு மனிதர்கள். ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே தன் தாத்தாவுக்கு நேர்ந்ததை 1760இல் எழுதிவைத்ததால் இதற்கு அவர் பெயரே வழங்குகிறது. கண்ணிலிருந்து செய்தி குறைந்ததும் மூளை தானே படம் வரைந்துகொள்கிறது. மனநோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைச் சொல்லிவைக்க ஆள் இல்லாத வீட்டில் ஒரு முதியவர் பேய் பிடித்தது என்ற பேச்சுக்கோ பைத்தியம் என்ற பேச்சுக்கோ அஞ்சி வாயை மூடிக்கொள்வார்.

இதற்கெல்லாம் மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது மருத்துவத் துறையிலிருந்து வருவது. இந்தியாவில் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் இன்னமும் கண்புரைதான். அறுவையால் முழுதும் மீட்கக்கூடியவர்கள் காத்திருக்கும்போது, மீட்க முடியாதவர்கள்மீது பணமும் நேரமும் செலவிடலாமா என்பது அந்த வாதம். 1976இல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை கண்புரைக்கு எதிராகச் சாதித்தது உலகமே அறிந்தது. அந்த முன்னுரிமையை நான் குறைசொல்லவில்லை. ஆனால் கண்புரையைத் தோற்கடித்துக்கொண்டு வரும் சமூகத்தில் மிஞ்சுவது எது? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். ஆயுளும் நீள்கிறது. நீரிழிவு விழித்திரை நோயும், குளுக்கோமாவும், மேக்குலா சிதைவும் கொண்டுசென்ற பார்வை அறுவைக்குப் பின்னும் பெரும்பாலும் திரும்புவதில்லை. 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று மருத்துவர் சொல்லும் இடத்தில்தான் உருப்பெருக்கி, வண்ணக் கண்ணாடி, விளக்கை எங்கே வைப்பது, மிச்சமுள்ள விழித்திரையால் எப்படிப் பார்ப்பது என்ற பயிற்சியெல்லாம் தொடங்க வேண்டும். மேலும் படி விளிம்புக்கு மஞ்சள் பூசும் செலவு அறுவைக் கூடத்தின் கணக்கிலிருந்து போவதில்லை.

கைப்பேசியே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. கைப்பேசி தந்திருப்பது உண்மையிலேயே பெரிது: எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தைத் தலைகீழாக்கலாம், காகிதத்தைக் காட்டினால் தமிழிலேயே வாசிக்கும். ஆயினும் மாநகரப் பேருந்தின் எல்இடி பலகையைப் படம் பிடித்துப் பாருங்கள். அந்த விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிபவை. வேகமாக ஓடும் கேமராவில் பாதி எண் காணாமல் போயிருக்கும். 5 என்று பிடித்துக்கொண்டு நிற்பதற்குள் வண்டி நகர்ந்துவிடும். சென்னை மெட்ரோவில் அடுத்த நிலையத்தின் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒலிக்கிறது. அங்கே யாரும் எதையும் வாங்கிக் கையில் வைத்திருக்க வேண்டியதில்லை. இன்னொன்று, கைப்பேசிக்குள்ளேயே புதிய தடைகள் முளைக்கின்றன. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இப்போது நாகரிகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது என்ற உலக நெறி 2008 முதல் இருந்தும் அரசுத் தளங்களே அதை மீறுகின்றன. வங்கிக் கணக்குக்கான அடையாளச் சோதனையில் வட்டத்துக்குள் முகத்தை வைத்துக் கண் சிமிட்டச் சொல்கிறார்கள். வட்டம் எங்கே என்று தெரியாதவர் என்ன செய்வார்? 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் பார்வை இழந்த ஒருவரும் தொடுத்த வழக்குகளில், எண்முறைச் சேவைகளை அணுகுவது வாழும் உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்து, இந்தச் சோதனைகளை மாற்றச் சொன்னது.

வரம்பைத் தளர்த்தினால் போலிகள் நுழைவார்கள் என்பது கடைசி மறுப்பு; இதில் நியாயம் உண்டு. அரசு வேலையில் பார்வையின்மைக்கும் குறைபார்வைக்குமாகச் சேர்த்து உள்ள ஒரு சதவீதத்தில் ஒரு போலி நுழைந்தாலும் உண்மையான ஒருவர் வெளியே நிற்பார். ஆனால் போலிக்கு எளிதில் இடம் தருவது 'எனக்கு இந்த வரி தெரியவில்லை' என்ற வாய்மொழியை நம்பியிருக்கும் பலகைதான். பார்வைப் புலச் சோதனையும், விழித்திரைப் படமும், நிற வேறுபாட்டுப் பலகையும் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றைச் சரிபார்க்கும். பொய் சொல்வது கடினமாகும், உண்மை சொல்பவரை அலைக்கழிப்பதும் குறையும். தெருவில் குறைபார்வையாளரை எப்படி அடையாளம் காண்பது என்ற கேள்விக்கு அர்ஜென்டினா ஒரு விடை கண்டது. பெர்லா மாயோ என்ற ஆசிரியை 1996இல் குறைபார்வையாளருக்கென்று பச்சைத் தடியை முன்வைத்தார்; 2002இல் அதைச் சட்டமே ஏற்றது. இரண்டு நிறத் தடிகள் வாகன ஓட்டிகளைக் குழப்பாதா என்ற தயக்கம் நியாயமானது. நம் சாலைகளில் வெள்ளைத் தடிக்கே வண்டிகள் நிற்பதில்லை. ஆதலால் இங்கே தடியின் நிறத்தைவிட முதலில் மாற வேண்டியது கட்டடமும் பொருளும்தான். அதற்கு இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அணுகல் வசதி பற்றி மத்திய அரசு வகுத்த 15ஆவது விதி வெறும் பரிந்துரையாக நிற்பதால் அந்தச் சட்டத்துக்கே முரணானது என்று தள்ளி, மீறினால் தண்டனைக்குரிய கட்டாய விதிகளை எழுதச் சொன்னது. அந்த விதிகளில் சாய்தளமும் பிரெய்லும் தவறாமல் இடம்பெறும். அவற்றை வலியுறுத்திக் கேட்க அமைப்புகள் இருக்கின்றன. படி விளிம்பின் நிறமும், ஓட்டின் மஞ்சளும், பேருந்துப் பலகையின் ஒளியும், மாத்திரை அட்டையில் தேதி அச்சாகும் மையும் அதே கட்டாயத்தோடு, அளவும் விகிதமும் குறித்து, அவற்றில் எழுதப்பட வேண்டும்.